வடியும் மூட்டுக்கு மாத்திரை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கு அறுவை தேவை, எப்போது நடக்கத் தொடங்கலாம், என்ன பயிற்சி செய்யலாம் என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தது. கடைசிப் பத்திதான் எனக்கு உறுத்தல். சிலருக்குக் கிருமித் தொற்று வரலாம், வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற பொருளில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வரியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கிறதே என்று பாதியை வெட்டிவிடாதீர்கள்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி எலும்பு அறுவை அரங்கில் போனது. மருந்து எழுதிக் கொடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனால், சீழ் பிடித்த செயற்கை மூட்டை டாக்டர் திறக்கும்போதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் கருவித் தட்டோடு நின்றிருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூட்டு மாற்றிக்கொள்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இந்தத் தொற்று வருகிறது. குறைவுதானே என்று தோன்றும். அந்த ஒருவராக இருப்பவருக்கு அது குறைவு இல்லை. தொற்று ஏன் மாத்திரைக்கு மசியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சதையில் வரும் புண்ணுக்கு ரத்த ஓட்டம் உண்டு. மருந்தும் அங்கே போகும், உடம்பின் வெள்ளை அணுக்களும் போகும். செயற்கை மூட்டோ கோபால்ட் குரோமியமும் டைட்டானியமும் நடுவில் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. அதற்குள் ரத்தம் ஓடாது. கிருமி அந்த உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். தாமிரபரணிப் படித்துறையில் பாசி பிடித்த கல்லைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை வெள்ளம் மேலே ஓடினாலும் அது போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் படலத்துக்குள் இருக்கிற கிருமியைக் கொல்ல, வழக்கமான அளவைப் போல நூறு மடங்கு, சிலவேளை ஆயிரம் மடங்கு மருந்து வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் கிருமிக்கு முன்னால் நோயாளியின் சிறுநீரகம் போய்விடும்.

மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும், சிவப்பு மட்டுப்படும், வடிவதும் நின்றாற்போல் இருக்கும். நிறுத்திய சில நாளில் மறுபடி தொடங்கும். படலத்தை விட்டு வெளியே வந்த கிருமி மட்டும்தான் செத்திருக்கிறது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். என் மதினி, அதாவது மூத்த அண்ணனின் மனைவி, முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்தவர். சொளகை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒரே இருப்பாக இருந்து முழங்கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கிற மகன் தன் ஊருக்குக் கூட்டிப்போய், அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்காலை மாற்றினான். அறுவை நன்றாகத்தான் நடந்தது, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். ஆனால் தையலின் கீழ்முனையில் ஈரம் காயவே இல்லை. தினமும் பஞ்சு நனைந்தது. ஒரு வாரம் மாத்திரை, அது போதாமல் வேறொரு மாத்திரை, பிறகு பக்கத்து கிளினிக்கில் ஊசி, அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிய மூன்றாவது மாத்திரை.

அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். சேலையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு துளை. அழுத்தினால் வெண்மையாக வந்தது.

"ஏளா, இது வத்திப் போயிட்டுதான் வருது. கெட்ட தண்ணி வெளிய போவட்டும், அடைச்சிரக் கூடாதுன்னு சொன்னாவ" என்றார் மதினி.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டதும் அந்த ஆச்சிதான்.

தோலிலிருந்து உலோகம் வரைக்கும் அப்படி ஒரு வழி விழுந்துவிட்டால், தொற்று இருக்கிறதா இல்லையா என்று தேடவே வேண்டியதில்லை. உலகத்து எலும்பு மருத்துவர்கள் வகுத்திருக்கிற விதிப்படி அந்தத் துளை ஒன்றே போதும், தொற்று உறுதி. கசிவு பற்றியும் அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 2013இல் பிலடெல்பியாவில் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒருமித்து எடுத்த முடிவு இது: அறுவைக்குப் பிறகு ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் காயம் கசிந்துகொண்டே இருந்தால் தாமதிக்காமல் அரங்குக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்க்க வேண்டும். கசிகிற காயத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டு காத்திருப்பது அந்த வழிமுறையில் இல்லை.

இன்னொன்றும் கேட்டேன். மதினி என்ன சாப்பிடுகிறார்? ரசஞ்சோறு, கஞ்சி, பிரெட். மீன் ஆகாது, முட்டை ஆகாது, கத்தரிக்காய் ஆகவே ஆகாது, புண் சீழ் வைக்கும் என்று யாரோ பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தாமிரபரணிக் கரைக்காரிக்கு மீன் வேண்டாம் என்று சொன்னவரை என்ன செய்வது! ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் காயம் ஆறுவதும் சிரமம், தொற்று வருவதும் எளிது. ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கிற கிழவிக்கு முட்டையையும் மீனையும் நிறுத்துகிற பத்தியம் நம் ஊரில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் வெள்ளைக்கரு கொடுத்தால் தட்டோடு திருப்பி அனுப்புகிற உறவினர்களோடு நான் வார்டில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இந்த மாதிரி மறு அறுவைகளில் அனுபவமுள்ள ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் முதலில் செய்தது, எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னதுதான். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. சீழ் வடியும்போது மருந்தை நிறுத்துகிற டாக்டரை அவன் பார்த்ததே இல்லை. உங்கள் வாசகர்களில் பலருக்கும் இதே கோபம் வரும் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தும் சரியான மருந்து இல்லை. கிருமியைப் பிடிக்க மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்து வளர்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் உள்ளே இருந்தால் கிருமி பாதி மயக்கத்தில் இருக்கும், தட்டில் வளராது. பரிசோதனைக்கூடம் "வளர்ச்சி இல்லை" என்று எழுதிவிடும். அதனால் ஆளுக்கு ஆபத்தில்லாத நிலையில், குறைந்தது இரண்டு வாரமாவது மருந்தை நிறுத்திவிட்டு நீர் எடுப்பது முறை. காய்ச்சல் ஏறி ரத்தத்தில் நஞ்சு கலக்கிற அறிகுறி இருந்தால் மட்டும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

அந்த நீரில் வெள்ளை அணு எத்தனை என்று எண்ணுவார்கள். அறுவை முடிந்து பல மாதம் ஆன மூட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்தில் சிஆர்பி, இஎஸ்ஆர் பார்ப்பார்கள், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற பரிசோதனைகள் அவை. வளர்ப்புக்குப் போட்ட தட்டை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடாமல் 14 நாள் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். மெதுவாக வளர்கிற கிருமிகள் உண்டு. நம் நாட்டில் காசநோய்க் கிருமியும், சிலவேளை பூஞ்சையும்கூட மூட்டில் உட்கார்ந்திருக்கும் என்பதால் அவற்றுக்கும் தனியாக அனுப்ப வேண்டும். அரங்கில் திறக்கும்போதும் அப்படித்தான். ஐந்தாறு இடத்திலிருந்து சதைத் துணுக்கு எடுப்போம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுத்தமான கருவி, தனித்தனிக் குப்பி. ஒரே இடுக்கியால் எல்லாவற்றையும் எடுத்தால் ஒரு கிருமி எல்லாக் குப்பியிலும் ஏறிவிடும். ஒன்றில் மட்டும் வளர்ந்தால் அது வெளியிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம், ஒரே கிருமி மூன்றில் வளர்ந்தால் அதுதான் தொற்று என்பது அங்கே கணக்கு. கூட ஆறு இடுக்கி கேட்டால் முகம் சுளிக்கிற இளம் செவிலியர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதினிக்கு வளர்ந்தது தோலிலேயே எப்போதும் இருக்கிற ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸ். பெரிய கொடூரக் கிருமி இல்லை. என் தோலிலும் உங்கள் தோலிலும் சும்மா கிடப்பதுதான். உலோகம் கிடைத்தால் இந்தச் சாதுவும் குடியேறிவிடும்.

இனி அறுவை. இதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

சீக்கிரம் தெரிந்தால், அதாவது மூட்டு மாற்றிய நான்கு வாரத்துக்குள், அல்லது பல வருடம் நன்றாக இருந்த மூட்டு திடீரென்று வீங்கி மூன்று வாரத்துக்குள், பொருத்திய மூட்டைக் கழற்றாமலே காப்பாற்றப் பார்க்கலாம். படலம் இன்னும் முற்றியிருக்காது. மூட்டைத் திறந்து, கெட்டுப்போன சவ்வையெல்லாம் வெட்டி எடுத்து, நடுவில் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழற்றி, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதையும் சுரண்டி, லிட்டர் கணக்கில் உப்பு நீர் விட்டுக் கழுவி, நீர்த்த பீட்டாடின் கரைசலை மூன்று நிமிடம் ஊற வைப்போம். அப்புறம் கையுறை, கவுன், விரிப்பு, கருவித் தட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் புதுப் பிளாஸ்டிக் போடுவோம். இதை வெளியே "கழுவி விடுறது" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். தையலில் இரண்டைப் பிரித்து, சின்ன டியூப் வழியாக உப்புத் தண்ணீர் அடித்துவிட்டு அனுப்புவதும் அதே பெயரில் நடக்கிறது. அது வேறு, இது வேறு. பிளாஸ்டிக்கை மாற்றாமல் செய்த கழுவலை முழுக் கழுவல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்த முறை எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாள் கடந்து போக, பலன் குறைந்துகொண்டே போகும்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் இந்த அறுவைக்குப் பிறகு இன்னொரு மருந்தோடு சேர்த்து ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள். படலத்துக்குள் நுழையக்கூடிய அபூர்வ மருந்துகளில் அது ஒன்று. 1998இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு சோதனையில் அதைக் காட்டினார்கள். நம் ஊரில் அதை டிபி மாத்திரை என்றுதான் தெரியும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துவிட்டுப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. "உனக்கு டிபியாமே" என்று தெருவில் கேட்டார்கள் என்பதற்காக நிறுத்திய ஒரு அம்மாவையும் எனக்குத் தெரியும். அதைத் தனியாகப் போட்டாலோ, பாதியில் விட்டாலோ கிருமி வெகு சீக்கிரம் பழகிவிடும். கொடுக்கும்போதே இந்த நிறத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மதினிக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு கட்ட அறுவை.

இந்த முறையை 1983இல் எழுதி வைத்தவர் நியூயார்க்கில் இருந்த ஜான் இன்சால். இன்று நாம் போடுகிற மூட்டுகளின் முன்னோடியை வடிவமைத்தவர்களில் ஒருவரும் அவர்தான். கெட்ட மூட்டை முழுக்க எடுத்துவிட்டு, ஆறு வாரம் மருந்து கொடுத்து, அப்புறம் புதிது பொருத்துவது அவருடைய வழி. அதற்கு முன்பே 1970களில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் புக்கோல்ஸ் என்பவர், மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கிற எலும்புச் சிமெண்டுக்குள் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்து, ஒரே அறுவையில் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டுக்கொண்டிருந்தார். ஹாம்பர்க்கில் இன்றும் ஒரே கட்டம்தான் வழக்கம். எந்தக் கிருமி என்று முன்கூட்டியே தெரிந்து, தோலும் சதையும் நல்லபடியாக இருந்தால் அந்த ஒரே கட்டம் நோயாளிக்குப் பெரிய வரம். துளை விழுந்து, தோல் கருத்துப்போய், வளர்ப்பில் தெளிவில்லாமல் வருகிறவர்களுக்கு நம் பக்கத்து டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பொருத்திய மூட்டைக் கழற்றுவது பொருத்துவதைவிடக் கடினம். சிமெண்ட் எலும்போடு பிடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய உளியாலும் ரம்பத்தாலும் உலோகத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வழி ஏற்படுத்தி, எலும்பு உடையாமல் தட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தொடை எலும்பின் முனையே கூட வந்துவிடும். எலும்புக் குழாய்க்குள் ஒட்டியிருக்கிற சிமெண்ட் துணுக்கைக்கூட விட்டுவைக்கக் கூடாது, அதிலும் கிருமி இருக்கும். அதையெல்லாம் வழித்து எடுத்த பிறகு அங்கே ஒரு பெரிய குழி இருக்கும். முதல்முறை பார்க்கிற பயிற்சி டாக்டர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

அந்தக் குழிக்குத்தான் ஸ்பேசர், அதாவது புது மூட்டு வைக்கும்வரை இடத்தை நிரப்புகிற, மருந்து கலந்த சிமெண்ட் கட்டை. இதைத் தயார் செய்வது எங்கள் வேலை. 40 கிராம் சிமெண்ட் பொடியில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைக் கட்டி இல்லாமல் நொறுக்கிக் கலந்து, ஜென்டாமைசினும் சேர்த்து, அதன் பிறகு திரவத்தை ஊற்றிப் பிசைய வேண்டும். அந்த நெடி கண்ணைக் கரிக்கும். இறுகும்போது கை சுடும். சூடு தாங்குகிற மருந்தைத்தான் கலக்க முடியும் என்பதற்குக் காரணமே அதுதான். அச்சில் வார்த்து மூட்டு வடிவத்திலேயே செய்தால் கால் கொஞ்சம் மடங்கும். எலும்பு ரொம்பப் போயிருந்தால் நடுவில் கம்பி வைத்து நேராக நிற்கிற கட்டையாகச் செய்வார்கள், கால் மடங்காது. எதுவானாலும் அதிலிருந்து மருந்து அந்த இடத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும். ரத்த வழியாக ஒருநாளும் கொடுக்க முடியாத அளவு மருந்து அங்கே கிடைக்கும், உடம்பின் மற்ற பாகத்துக்கு அதில் கொஞ்சம்தான் போகும். இருந்தாலும் சிறுநீரகம் கெடுகிறதா என்று தெரிந்துகொள்ள ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடைக்காலம்தான் குடும்பங்கள் உடைந்துபோகிற இடம். காலில் நீளமான பெல்ட், கையில் வாக்கர், கைநரம்பில் குழாய். வீட்டில் இந்திய கழிப்பறை. மகனும் மருமகளும் வேலைக்குப் போக வேண்டும். மதினி ஒருநாள், "பழைய வலியே தேவலாம் போல இருந்துச்சு, கால எடுத்துட்டுப் போட்டாக்கூட ஒரு முடிவு தெரியும்லா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்துக் கக்கூஸுக்கு மேலே வைக்கத் தச்சரைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தார். கழிப்பறைக்குப் பயந்துதான் அதுவரை சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த நேரத்தில் மகன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். எலும்புத் தொற்றுக்கு ஊசியும் மாத்திரையும் ஒன்றுதான் என்று பிரிட்டனில் நிரூபித்துவிட்டார்களாம், அப்படியானால் இந்த அறுவையே தேவையில்லையே என்பது அவன் கேள்வி. 2019இல் வந்த அந்த ஆய்வு உண்மையானது, நல்ல ஆய்வும்கூட. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்தார்கள். முதல் ஆறு வாரத்துக்கு நரம்பு ஊசிக்குப் பதில் சரியான மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று கண்டார்கள். ஆனால் அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் முதலில் அறுவை நடந்திருக்கிறது. சுரண்டி எடுத்த பிறகு மிச்சத்தைக் கொல்ல மாத்திரையா ஊசியா என்பதே அங்கே கேள்வி. பிரான்சில் 2021இல் வந்த இன்னொரு ஆய்விலும் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் மருந்து போதுமா, பன்னிரண்டு வாரம் வேண்டுமா என்றுதான் பார்த்தார்கள். ஆறு வாரம் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத் தொற்று தொடர்ந்தது, பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் சுமார் 9 பேருக்கு. மருந்தை முன்கூட்டி நிறுத்த நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்கட்டும்.

காயம் உலர்ந்து, சிஆர்பி இறங்கி, டாக்டருக்கு மனம் ஒப்பிய பிறகு இரண்டாம் கட்டம் நடந்தது. இந்த முறை வைப்பது முதலில் வைத்த சின்ன மூட்டு இல்லை. எலும்பு போன இடத்தை நிரப்ப உலோகத் துண்டும், எலும்புக் குழாய்க்குள் நீளமாக இறங்குகிற தண்டும் உள்ளது. விலையும் அதற்கேற்ப. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டு உபகரணங்களுக்கு விலை உச்சவரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், மறு அறுவைக்கான மூட்டுக்கு 1,13,950 ரூபாய், வரி தனி என்று நிர்ணயித்தார்கள். அந்த வரம்பு வந்ததால்தான் எங்களைப் போன்றவர்களால் இரண்டாவது முறையை நினைத்துப் பார்க்கவே முடிந்தது. ஆனால் அது மூட்டின் விலை மட்டும். இரண்டு அறுவை, மாதக்கணக்கில் மருந்து, வாரம்தோறும் ரத்தப் பரிசோதனை, கூட இருப்பவரின் போன சம்பளம் இதெல்லாம் எந்த வரம்புக்குள்ளும் வராது. அண்ணன் வைத்திருந்த மனைக்கட்டு போய்விட்டது.

மதினி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். முழங்கால் நாற்காலியில் உட்காருகிற அளவு மடங்குகிறது. தரையில் உட்கார முடியாது, பீடிச் சொளகு பரணில் ஏறிவிட்டது. இது நல்ல முடிவு. இரண்டு கட்டம் செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் இப்படித் தேறுகிறார்கள்.

மற்றவர்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், உங்கள் பக்கத்தில் இது வராது. மறுபடி தொற்று வந்தால் மறுபடி திறப்பார்கள். முன்பக்கத் தோல் இறந்துபோனால் கெண்டைக்கால் தசையில் ஒரு பாகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து மூட்டின் மேல் மூடி, அதன் மேல் தொடைத் தோலை ஒட்டுவார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் இல்லாத ஊரில் இது நடக்காது. அதுவும் போதவில்லை என்றால் மூட்டே வேண்டாமென்று தொடை எலும்பையும் கால் எலும்பையும் நீளக் கம்பியாலோ, வெளியே வளையம் போட்டோ ஒன்றாக இணைத்துவிடுவார்கள். கால் நேராக நின்றுவிடும். வலியும் சீழும் போய் சொந்தக் காலில் நடக்கலாம், ஆனால் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார முடியாது, ஆட்டோவில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உயிருக்கே ஆபத்து என்று வரும்போது தொடைக்கு மேலே எடுப்பதும் உண்டு. அறுவையைத் தாங்க முடியாத அளவு இதயம் பலவீனமான வயதானவர்களுக்கு மட்டும், தொற்றை அடக்கி வைக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரையே சிகிச்சையாக இருப்பது அந்த ஒரு சாராருக்குத்தான், அதுவும் குணமாக்க இல்லை, அடக்கி வைக்க.

தொற்று வராமல் தடுப்பது பற்றி உங்கள் கட்டுரையில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்கள், சரிதான். கூட இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வலிக்காக முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் மூட்டு மாற்ற வேண்டும். பாதத்தில் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், சொத்தைப்பல் இவை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள், அவர் கேட்காவிட்டாலும். மூட்டு மாற்றிப் பல வருடம் ஆனவர்களுக்கும் காலில் வந்த புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டில் போய் உட்காரும். வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

கடைசியாக மருத்துவமனைகளிடம் ஒரு கோரிக்கை, உங்கள் நாளிதழ் வழியாக. செயற்கை மூட்டு வரும் பெட்டிக்குள் ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். கம்பெனி பெயர், மாடல், சைஸ், தயாரிப்பு எண் எல்லாம் அதில் உண்டு. ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். பல இடங்களில் அது ரெக்கார்டு அறையோடு போய்விடுகிறது, நோயாளிக்குக் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சீட்டில் "மூட்டு மாற்று அறுவை செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கும். நான்கு வாரத்துக்குள் சீழோடு வேறு ஊர் மருத்துவமனைக்கு வருகிறவருக்குப் பிளாஸ்டிக் மாற்ற வேண்டுமானால் அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் பிளாஸ்டிக் வேண்டும். ஒரு கம்பெனியுடையது இன்னொன்றில் உட்காராது. எது என்று தெரியாமல் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு ஊகிப்பதிலும், முதல் மருத்துவமனைக்குப் போன் மேல் போன் போடுவதிலும், காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்கள் போய்விடுகின்றன. அந்த ஒட்டுச்சீட்டில் ஒன்றை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஒட்டிக் கொடுங்கள். ஏற்கெனவே மூட்டு மாற்றிக்கொண்ட வாசகர்கள் இந்த வாரமே போய் அதன் நகலைக் கேட்டு வாங்கி ஸ்கேன் கவரோடு வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.